கைத்தாளமும் பின்னக் கணக்கும்

பின்னக் கணக்கு நம் பிள்ளைகளில் பலர் இடறி விழும் முதற்படி. நாலினும் எட்டுப் பெரிது என்று ஒரு வகுப்பில் கற்றுக்கொண்ட குழந்தையிடம், நாலில் ஒன்றினும் எட்டில் ஒன்று சிறிது என்று அடுத்த வகுப்பில் சொல்லுகிறோம். குழந்தை எதை நம்பும்? விளங்காததை நெட்டுருப் போடுகிறது. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. இக்குறைக்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது என்பது நமது துணிபு. அம்மருந்து சங்கீதத்தின் தாளமேயாகும்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் இரு முறை தட்டும் வீச்சும். ஆக எட்டு அட்சரம். ஸரளி வரிசையின் ஆரோகணத்தை முதற் காலத்தில் பாடினால், அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாக ஓர் ஆவர்த்தனம் நிறைந்துவிடும். இரண்டாங் காலத்தில் கை மாறுவதில்லை. அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம், ஆகவே ஒவ்வொன்றும் அரை. மூன்றாங் காலத்தில் நான்கு, ஒவ்வொன்றும் கால். பங்கின் தொகை கூடக் கூடப் பங்கின் அளவு குறையும் என்ற உண்மையைக் குழந்தை தன் கையாலும் நாவாலும் உணர்ந்துகொள்ளுகிறது. ஒரு தட்டை மூன்றாகப் பகுத்துத் 'தகிட' என்றால் திஸ்ர நடை. ஐந்தாகப் பகுத்துத் 'தகதகிட' என்றால் கண்ட நடை. மூன்றில் ஒன்றைத் தசாம்சத்தில் எழுதப் புகுந்தால் முடிவே இல்லை. திஸ்ரத்திலோ மூன்று பங்கும் முடிந்தவுடன் அடுத்த தட்டு பிசகாமல் வந்து விழுகிறது.

இது நமக்கு நூதனமன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை உரக்கப் பாடி ஒப்பித்த பிள்ளைகளுக்கு அரை, கால், அரைக்கால், வீசம் மட்டுமன்றி, 320-ல் ஒன்றாகிய முந்திரியும் தெரிந்திருந்தது. கடைத்தெருவும் அந்தப் பாஷையையே பேசிற்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, 16 அணா ரூபாய் 100 காசு ரூபாயாக மாறிற்று. வாணிபத்துக்கு அது நன்மையே. ஆயினும் பிள்ளைகளின் கையில் நாடோறும் புழங்கிய அரைக்கால் அத்துடன் மறைந்தது.

சங்கீத வித்வான்களிடமோ பின்னம் இன்றும் உயிரோடிருக்கிறது. பாட்டின் எடுப்பை அவர்கள் 'அரை இடம்', 'முக்கால் இடம்', 'ஒன்றரை இடம்' என்றே சொல்லுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழுக்கு எழுதப்படும் தாளக் குறிப்பில் 'தக' ஒன்று, 'தகிட' ஒன்றரை, 'தகதிமி' இரண்டு. ஒரு 'தகிட'வும் ஒரு 'தகதிமி'யும் சேர்ந்தால் எத்தனை என்று கேளுங்கள். கைத்தாளம் போட்டுப் பழகிய சிறுமி 'மூன்றரை' என்று தயங்காது விடை சொல்லுவாள். லய ஞானத்தில் நிகரற்றவர் என்று போற்றப்பட்ட நாயனாப் பிள்ளை (1889–1934) வாழ்ந்த காஞ்சிபுரம், இருங்காட்டுக்கோட்டைக்கு வெகு தூரமன்று.

அந்த இருங்காட்டுக்கோட்டையின் இன்றைய நிலையைப் பாருங்கள். அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. பல ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் அவ்வட்டாரத்தில் குடியேறியிருக்கின்றனர். இரும்பைக் கடைவோருக்கும் இயந்திரத்தை ஓட்டுவோருக்கும் பின்னமும் விகிதமும் அன்றாடக் கருவிகள். அவர்களுடைய குழந்தைகள் பின்னத்தைக் கண்டு அஞ்சி ஓடினால், தொழிற்சாலைக்கு அருகே பிறந்தும் அதன் உயர்ந்த உத்தியோகங்களுக்கு அந்நியராகவே நிற்பார்கள். வெவ்வேறு தாய்மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரும்போது, மொழிபெயர்ப்பு வேண்டாத பாடம் கைத்தட்டல் ஒன்றே.

மேனாட்டாரும் இவ்வழியை நாடியிருக்கின்றனர். அமெரிக்கர் தம் ஸ்வரக் குறிகளையே முழுச் சுரம், அரைச் சுரம், கால் சுரம் என்று அழைக்கின்றனர். சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தார், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 67 பேரைக் கொண்டு ஆறு வார காலம் நடத்திய பரிசோதனையின் முடிவை 2012-ல் வெளியிட்டனர். இசையோடு கற்றவர்கள் பின்னப் பரீட்சையில் மேம்பட்டு நின்றனர். சிறு பரிசோதனைதான், எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் ஏழைக்குச் சங்கீதம் ஏன் என்று சிலர் கேட்கலாம். கச்சேரி வித்வான்களை உண்டாக்கும்படி நாம் கேட்கவில்லை. தவில், பறை, கோலாட்டம் எதுவாயினும் தாளம் எல்லார்க்கும் பொது. அதற்கு வேண்டிய வாத்தியம் இரண்டு கைகளே. ஆனால் தட்டுவதோடு நின்றால் அது வெறும் விளையாட்டு. தட்டியதைப் பலகையில் பின்னமாக எழுதி, எழுதியதை மறுபடியும் தட்டிக் காட்டினால்தான் அது கல்வியாகும்.

2022-ல் அரசாங்கம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், சிறு பிள்ளைகளுக்குப் பாட்டாலும் செய்கையாலும் கற்பிப்பதை ஏற்றிருக்கிறது. ஆகவே கதவு திறந்தே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அங்கம் வகிக்கும் அன்பர்கள், தங்கள் ஊர்த் தவில்காரரையோ பறைக் கலைஞரையோ வாரத்தில் ஒரு நாழிகை பாடசாலைக்கு அழைத்துவந்து கணித உபாத்தியாயருடன் உட்காரவைக்க வேண்டுகிறோம். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. ஒரு குழந்தையின் கணக்குப் பயத்தைப் போக்குவது அதனினும் பெரிய தேசத் தொண்டு.