விளையாட்டின் வழியே அயல்மொழிப் பயிற்சி

பல்கலைக் கழகங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் முதலிய அயல்மொழிகளைப் பயிலும் மாணவர்க்கு நேரும் பெரிய இடையூறுகளுள் ஒன்று மறதி. ஒரு வாரத்தில் கற்ற சொற்கள் அடுத்த வாரத்திற்குள் நினைவினின்று நழுவிவிடுகின்றன. வகுப்பு நடைபெறுவதோ வாரத்திற்குச் சில மணி நேரமே. எஞ்சிய நேரத்தில் மாணவரைத் தாமாகவே பயிற்சி செய்யத் தூண்டுவது எவ்வாறு என்பது ஆசிரியர்களின் நெடுநாளைய கவலை. இதற்குத் துணையாக, விளையாட்டின் கூறுகளைக் கொண்ட இணையவழிப் பயிற்சித் தளங்கள் இன்று பெருகியுள்ளன.

இவற்றுட் சில பல்கலைக் கழகங்களிலேயே தோன்றியவை. அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக் கழகப் பேராசிரியர் லூயிஸ் வான் ஆன், அவருடைய மாணவர் செவரின் ஹாக்கர் ஆகிய இருவரும் உருவாக்கிய டுவோலிங்கோ, 2012-ஆம் ஆண்டில் பொதுமக்களின் உபயோகத்திற்கு வந்தது. நார்வே நாட்டில் ட்ரோண்ட்ஹைம் நகரப் பல்கலைக் கழகத்தில் நடைபெற்ற ஆராய்ச்சியின் பயனாகக் கஹூட் தோன்றியது. முன்னதில் மாணவர் தனியே சிறு பாடங்களை முடித்துப் புள்ளிகள் பெறுகிறார். இடைவிடாமற் பயின்ற நாட்களின் எண்ணிக்கையும் கணக்கிடப்படுகிறது. பின்னதில் வகுப்பறைத் திரையில் வினா தோன்ற, மாணவர்கள் கைப்பேசி வாயிலாக விரைந்து விடையளித்துப் போட்டியிடுகின்றனர்.

பயன் விளையும் விதம்

கற்றவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்பதை ஜெர்மானிய உளநூலறிஞர் எபிங்ஹாஸ் 1885-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். மறதியைத் தடுக்கும் வழியொன்றை, கார்ப்பிக், ரோடிகர் என்ற அமெரிக்க அறிஞர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை விளக்குகிறது. மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களுக்குப் பொருள் கற்றனர். ஒரு சொல்லுக்குச் சரியாக விடை கூறிய பின்னரும், ஒரு சாராரிடம் அதனை மீண்டும் மீண்டும் வினவினர். மற்றொரு சாராரை அதனைத் திரும்பப் படிக்க மட்டும் செய்தனர். ஒரு வாரத்திற்குப் பின் முதற் சாரார் 100-க்கு 80 வீதம் நினைவில் வைத்திருந்தனர். மற்றவர்கள் 100-க்கு 40 வீதத்தையும் எட்டவில்லை. விளையாட்டுத் தளங்கள் ஓயாது வினவுவதால், இவ்வகைப் பயிற்சி மாணவருக்குச் சலிப்பின்றிக் கிட்டுகிறது.

பரிசினால் விளையும் தீங்கு

எனினும் பரிசு எப்போதும் ஊக்கமளிக்கும் எனக் கொள்வதற்கில்லை. ஓவியம் தீட்டுவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறுவர்கட்குப் பரிசு உண்டு என முன்னரே அறிவித்து வரையச் செய்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைந்த நேரம் ஏனையோரினும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. லெப்பர் முதலியோர் 1973-ஆம் ஆண்டில் கண்ட முடிவு இது. அமெரிக்கப் பல்கலைக் கழகமொன்றில், ஒரே பாடத்தை இரு வகுப்புகளில் 16 வாரங்கள் நடத்தி, ஒன்றில் மட்டும் பதக்கங்களும் தரவரிசைப் பட்டியலும் சேர்க்கப்பட்டன. அது மொழிப் பாடமன்று. ஆயினும் அதன் முடிவு மொழியாசிரியர்க்கும் எச்சரிக்கையாகும். பதக்கம் பெற்ற வகுப்பில் ஆர்வம் குன்றியது. இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் தாழ்ந்தது என ஹானஸ், ஃபாக்ஸ் இருவரும் 2015-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

புள்ளியும் மொழித் திறனும்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 9 பேர் டுவோலிங்கோ வாயிலாக 12 வாரங்கள் துருக்கி மொழி பயின்றனர். அனைவரையும் சேர்த்து நோக்குமிடத்து முன்னேற்றம் இருந்தது. மிகுதியாக உழைத்தவர் மிகுதியாகக் கற்றனர். ஆனால் பல்கலைக் கழகத்தின் முதற் பருவத் துருக்கித் தேர்வில் தேறியவர் ஒருவரே. தரப்பட்ட சொற்களுள் சரியானதைத் தொட்டுக் காட்டுவது ஒரு திறன்; எதிரிலிருப்பவரின் பேச்சைக் கேட்டுத் தாமே வாக்கியம் அமைத்து மறுமொழி கூறுவது வேறொரு திறன் என்பது இதனாற் புலனாகும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை

சொற்பயிற்சியை வகுப்பிற்கு வெளியே இத்தளங்களிடம் ஒப்படைத்து, வகுப்பு நேரத்தை உரையாடலுக்கும் எழுத்துக்கும் செலவிடலாம். அவ்வாரத்துச் சொற்களை வகுப்பில் பேச்சில் ஆளச் செய்தல் இன்றியமையாதது. தளம் அளிக்கும் புள்ளிகளைத் தேர்வு மதிப்பெண்ணாகக் கொள்ளலாகாது. அங்ஙனம் கொண்டால் மாணவர் எளிய பாடங்களையே திரும்பத் திரும்ப முடித்துப் புள்ளி சேர்க்க முற்படுவர். பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுவதினும் குழுக்களாகப் போட்டியிடச் செய்வது நலம். கடைசியில் நிற்கும் மாணவரே ஊக்கம் மிகவும் வேண்டியவர்.

கைப்பேசியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்க்கும் இப்பயன் கிட்டும். ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ஆம் ஆண்டில் விளக்கிய முறைப்படி, ஓர் அட்டைப் பெட்டியைச் சில அறைகளாகத் தடுத்து, சொல்லட்டைகளை முதல் அறையில் இட வேண்டும். விடை சரியாயின் அட்டையை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும். தவறாயின் முதல் அறைக்கே திருப்ப வேண்டும். பின்னுள்ள அறைகளை நீண்ட இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். விளையாட்டுத் தளத்தின் பயனில் பெரும் பகுதியை ஒரு காகிதப் பெட்டியே தரவல்லது. அச்சொற்களைக் கொண்டு மாணவரைப் பேசவைக்கும் பணி ஆசிரியருடையது.