போர்ட் 80-ல் உட்கார்ந்திருப்பது யார்?

வெப் பக்கம் தயாரித்துப் பழகுகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு வெப் சர்வர் புரோகிராமை நிறுவிக்கொள்வது வழக்கம். இன்டர்நெட் இணைப்பு இல்லாமலேயே பக்கங்களைப் பிரவுசரில் பார்க்கலாம். 1995-ல் வெளிவந்த அப்பாச்சி இவற்றில் பெயர் பெற்றது. இலவசம் என்பதால், பழைய பதிப்பு இருக்கும்போதே புதியதையும் இறக்கிப் போட்டுவிடுகிறார்கள். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

செஞ்சியில் எங்கள் தெருவில் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் கோட்டையைப் பற்றி ஒரு தளம் செய்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் அப்பாச்சி 2.2 இருந்தது. பிறகு எக்ஸாம்ப் தொகுப்பைப் போட்டார். அதில் அப்பாச்சி 2.4 வந்தது. பக்கங்களை எக்ஸாம்ப் போல்டருக்குக் காப்பி செய்து, 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செய்தியை எழுதினார். பிரவுசரிலோ பழைய பக்கமே வந்தது. கன்ட்ரோல், எப்5 கீகளைச் சேர்த்து அழுத்தியும் மாறவில்லை. "பழசை அழிச்சிடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் அவர் எடுத்த படங்களில் பாதி பழைய போல்டரில் மட்டுமே இருந்தன.

வெப் சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் வாசலுக்குப் போர்ட் 80 என்று பெயர். ஒரு வாசலில் ஒரு காவலாளிதான் நிற்க முடியும். பழைய 2.2, விண்டோஸ் தொடங்கும்போதே தானாக இயங்கி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. புதியது கிளம்பவே இல்லை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்ஸ்டாட் என்று டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, ஏ, என், ஓ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். இரண்டாவது பத்தியில் 80 என்று முடியும் லிசனிங் வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பிரிவில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண் 4 என்றால் அது அப்பாச்சி அல்ல. பெரும்பாலும் விண்டோசுடன் வரும் ஐ.ஐ.எஸ். சர்வராக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2.2, 2.4 இரண்டும் ஒரே பெயரில்தான் தெரியும். போதாக்குறைக்கு ஒரே அப்பாச்சி இரண்டு வரிகளாகவும் தோன்றும். எனவே பெயரை நம்பாதீர்கள். அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, பைல் இருக்கும் இடத்தைத் திறக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் போல்டர் திறக்கிறதோ அந்தப் பதிப்புதான் ஓடுகிறது.

அடுத்து சர்வீசஸ் பட்டியலில் பழைய அப்பாச்சியை ஸ்டாப் செய்து, ஸ்டார்ட்அப் வகையை மேனுவல் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான், எக்ஸாம்ப் கிளம்பிவிடும். படங்களையும் பக்கங்களையும் நிதானமாகக் காப்பி செய்யலாம். பழைய செட்டிங்ஸ் பைலை மட்டும் அப்படியே கொண்டுவர வேண்டாம். அனுமதி தரும் வரிகளை எழுதும் முறை 2.4-ல் மாறிவிட்டது.

சில நாட்களுக்கு இரண்டும் தேவை என்றால், ஒன்றின் செட்டிங்ஸ் பைலில் லிசன் 80 என்பதை லிசன் 8080 ஆக்கி, அந்த அப்பாச்சியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்பதை அடுத்து முக்காற்புள்ளி வைத்து 8080 சேர்த்தால் அந்தப் பக்கம் வரும். ஆனால் 2.2 வரிசையின் கடைசி வெளியீடு 2017-ல் வந்தது. அதை இன்டர்நெட் பக்கம் திறந்துவிடாதீர்கள்.