விழுந்ததைச் சொல்லுங்கள், ஸ்கூட்டரைப் பறிக்கமாட்டோம்

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் பிரிட்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதற்குப் பிந்திய கிழமைகளில் எங்கள் முதியவர்கள் சிலரை நான் ஒரே கோலத்தில் பார்க்கிறேன். மணிக்கட்டு வீங்கியிருக்கும். அதன்மேல் போட்ட மஞ்சள் பற்று காய்ந்து வெடித்திருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், "குளியலறையில சறுக்கிப் போட்டுது" என்பார்கள். குளியலறையில் சறுக்கியவரின் கோட்டுக் கையில் சேறு எப்படி வந்தது? மகள் கார் நிறுத்தப் போன நேரம் பார்த்து உண்மை வரும்: "ஸ்கூட்டர் சரிஞ்சது டொக்டர். மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, திறப்பை வாங்கி வைச்சிடுவா."

நடக்கச் சிரமப்படுகிறவர்கள் இருந்தபடி ஓட்டும் பற்றரி ஸ்கூட்டரைத்தான் சொல்கிறேன். ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங் கடைத்தெருக்களில் முன்கூடையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கப் போகும் வண்டி. அதற்கு நான் எதிரி அல்ல. முழங்கால் தேய்ந்த ஒருவரை வீட்டுக்குள் இருத்தி வைப்பதைவிட அது எவ்வளவோ நல்லது. விழுந்ததை மறைத்து, வீட்டில் உள்ள எண்ணெய் எல்லாம் பூசிப் பார்த்துவிட்டுப் பத்தாம் நாள் வருகிறார்களே, எனக்குக் கோபம் அதில்தான்.

நாலு மணிக்கே இருட்டு

நவம்பர் நடுவில் லண்டனில் மாலை நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் நடுவில் நாலு மணிக்கும் முன்னரே. கோடையில் ஏழு மணிக்குக் கோயிலால் திரும்பிய பழக்கத்தில் புறப்படுகிறவர்கள் பாதி வழியில் இருட்டில் மாட்டுப்படுகிறார்கள். அதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும் லேசானதல்ல. சூரியன் தாழ்ந்து நேரே கண்ணுக்குள் அடிக்கும். கண்புரை உள்ளவருக்கு எதிரே வருவது ஆளா மரமா என்றே தெரியாது. கார் ஓட்டி வருகிறவருக்கும் அதே வெயில்தான் கண்ணில் படுகிறது.

இந்த வண்டிக்கு ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அதனால் கண் பார்வையும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். 12.3 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடியவேண்டும் என்பது அரசாங்கம் தரும் ஆலோசனை. சட்டக் கட்டாயம் அல்ல, ஆனாலும் வாசலில் நின்று ஒருதரம் செய்து பாருங்கள். முடியாவிட்டால் கண் பரிசோதனைக்குப் போங்கள்.

வண்டியில் இரண்டு வகை. மணிக்கு 4 மைல் போகும் இரண்டாம் வகுப்பு நடைபாதைக்கானது. 8 மைல் வரை போகும் மூன்றாம் வகுப்பு வீதியிலும் போகலாம், நடைபாதைக்கு ஏறினால் 4 மைலுக்குக் குறைக்கவேண்டும். அதற்கு டி.வி.எல்.ஏ. எனும் வாகனப் பதிவு நிறுவனத்தில் பதிவும் விளக்குகளும் கட்டாயம். எந்த வகுப்பானாலும், கறுப்புக் கோட்டோடு கறுப்பு இருக்கையில் இருக்கிறவர், நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையால் எட்டிப் பார்க்கும்போது யாருக்கும் தெரியமாட்டார். மினுங்கும் மஞ்சள் மேற்சட்டை ஒன்றைப் போடுங்கள். "வீதி வேலை செய்யிற ஆக்கள் மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா முகத்தைச் சுழித்தார். இருக்கட்டும் அம்மா.

இலைக்கு அடியில்

லண்டன் வீதியோரங்களில் பிளேன் மரம் நிறைய நிற்கிறது. அதன் இலை பெரியது, தடிப்பானது, லேசில் உக்காது. மழையில் நனைந்து, ஆட்கள் மிதித்துக் கூழான இலையில் சில்லு பிடிப்பில்லாமல் வழுக்கும். இன்னொரு கரைச்சலும் உண்டு. இலை நடைபாதையின் விளிம்பை மூடிவிடும். வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கிவிடும். தேங்கிய தண்ணீருக்குக் கீழே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து சொல்ல முடியாது. மூன்று சில்லு வண்டி திரும்பும்போது ஒருபக்கம் சில்லு பள்ளத்தில் இறங்கினால் சரிவது உறுதி.

விளிம்பில் இறங்கவேண்டுமானால் தாழ்த்திக் கட்டிய இடத்தைத் தேடிப் போய், நேராக இறங்குங்கள், சரிவாக வேண்டாம். வேகத் திருகியில் ஒருபக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருக்கும். இலை கிடக்கும் இடத்தில் ஆமைப் பக்கம் திருப்புங்கள். ஹைகேட் முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த ஏற்றம் தெரியும். ஈரத்தில் இறங்கி வருவது ஏறுவதைவிட மோசம்.

இறுக்கிப் பிடித்தால் நிற்காது

ஊரில் ஐம்பது வருடம் சைக்கிள் ஓடிய ஐயாக்களுக்கு இதை உரக்கச் சொல்லவேண்டும். சைக்கிளில் ஆபத்து வந்தால் கை தானாகப் பிறேக்கை இறுக்கும். பல ஸ்கூட்டர்களில் கைபிடிக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்பை இறுக்கினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். பதற்றத்தில் இறுக்கினால் சுவரோ பஸ்ஸோ எதிரே இருப்பதில் போய் இடிப்பீர்கள். ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் "விடு, விடு" என்று கை பழகும்வரை ஓடிப் பாருங்கள்.

பின்பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கான நெம்பு ஒன்றும் உண்டு. பேரப்பிள்ளை அதைத் தட்டிவிட்டால் பிறேக் பிடிக்காது, சரிவில் வண்டி தானே உருளும். ஏறுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

எங்கள் வீட்டு வைத்தியங்களும் நம்பிக்கைகளும்

"நடக்கக்கூடியதா இருக்கு, அப்ப எலும்பு உடையேல்லை." இந்த ஒரு வசனம் எத்தனை இடுப்பைக் கெடுத்திருக்கிறது! தொடை எலும்பின் கழுத்தில் வெடித்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால், நொண்டி நொண்டி நடக்க முடியும். நாலு நாள் நடந்தபின் அது விலகும். சின்னதாக முடிந்திருக்கக்கூடிய சத்திரசிகிச்சை அப்போது பெரிதாகிறது. விழுந்தபின் கவட்டில் நோ, கால் கட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் எழும்பி நடந்து பார்க்கவே வேண்டாம்.

நோ எண்ணெய் பூசி உருவுவது அடுத்தது. உடைந்த எலும்பை உருவினால் என்ன ஆகும் என்று நான் விளக்கத்தான் வேண்டுமா? ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் கட்டிய கட்டுப் பற்றி என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வைத்தியர் முதலில் எலும்பைத் தடவிப் பார்த்து அறிந்தவர். நீங்கள் யூடியூப் பார்த்து உருவுகிறீர்கள்.

ஒத்தடம். சீனி வருத்தம் நெடுநாள் இருந்தால் பாதம் மரத்துப்போகும். குளிருக்காகச் சுடுதண்ணிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போன ஒருவருக்கு, வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து கழன்றது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. எங்கள் அம்மாமாரின் உடுப்பையும் இதோடு சொல்லிவிடவேண்டும்: சேலை, கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேல் விரல் கோர்க்கும் செருப்பு. அந்தக் கால் மிதிதட்டால் வழுக்கி நிலத்தில் இழுபடும். மரத்த பாதத்துக்கு அது தெரியாது, வீட்டுக்கு வந்து இரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரியும். மூடிய சப்பாத்துப் போடுங்கள். முந்தானையையும் சால்வையையும் செருகிவிடுங்கள், சில்லுக்குள் போனால் ஆளையே இழுக்கும்.

தலை அடிபட்டு, "வீங்கினது நல்லது, உள்ளுக்கு இரத்தம் கட்டாது" என்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே வீங்கியதால் உள்ளே கசியாது என்று அர்த்தமே இல்லை. வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் குளிசை எடுப்பவர்கள் தலை லேசாக இடித்தாலும் அன்றைக்கே வரவேண்டும். வயது போனவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து, இரண்டு மூன்று கிழமை கழித்துக் குழப்பமும் தூக்கமுமாக வெளிப்படுவது உண்டு. அதற்குள் விழுந்ததையே வீட்டில் மறந்துவிடுவார்கள்.

குளிருக்கு ஒரு மடக்குப் பிரண்டி? தோலில் இரத்தக்குழாய் விரிவதால் சூடுமாதிரி இருக்கும், உள்சூடு அதனால்தான் வெளியேறுகிறது. நடக்கிறவருக்குத் தசை வேலை செய்து சூடு தரும். ஸ்கூட்டரில் அசையாமல் இருப்பவருக்கு அதுவும் இல்லை. உடல்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்று, தூங்கி விழுவார்கள். "களைச்சுப் போனார்" என்று போர்த்திப் படுக்க வைத்துவிட்டு இருக்காதீர்கள்.

பனடோல் போதாதென்று மருமகனின் ஐபுபுரோஃபனை எடுப்பவர்களே, உங்கள் பிரஷர் குளிசையோடும் பழுதான சிறுநீரகத்தோடும் அது சேராது. இரத்தம் உறையாமல் வைக்கும் குளிசையோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் போகும். தடிமனுக்கு இரவில் குடிக்கும் மருந்துகள் சிலவற்றில் தூக்க மருந்து கலந்திருக்கிறது. காலையில் அந்தத் தூக்கம் தெளியாமல் வண்டி ஓட்டுகிறீர்கள். மருந்துக் கடையில் ஒரு கேள்வி கேட்க அஞ்சு நிமிசம் ஆகாது. ஏன் கேட்கிறீர்கள் இல்லை?

சஷ்டி விரதம்

தீபாவளி முடிய வரும் கந்தசஷ்டியில் ஆறு நாள் உபவாசம் இருந்து கோயிலுக்கு ஓடுகிறவர்களும் எங்கள் முதியவர்கள்தான். விரதத்தை நான் தடுக்கவில்லை. இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் எடுப்பவர்கள் சாப்பிடாமல் அதே அளவை எடுத்தால் சீனி இறங்கும். கை நடுங்கி, கண் மங்கி, வீதிக்கு நடுவில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்பீர்கள். குளிசையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம், அது மற்றப் பக்கத்தால் கெடுக்கும். விரதத்துக்கு முன்னரே ஒரு தரம் வந்து அளவைக் கேளுங்கள். கார் ஓடுபவர்களுக்கு, இரத்தத்தில் சீனி அளவு 5க்கு (mmol/L) கீழே என்றால் சாப்பிட்டபின் ஓடவேண்டும் என்று சொல்கிறோம். ஸ்கூட்டருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 4க்குக் கீழே என்றால் விரதம் அங்கேயே முடிந்தது, உடனே குளுக்கோஸ் எடுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

பற்றரி, மழை, குடை

குளிரில் பற்றரி குறைய ஓடும். புத்தகத்தில் போட்டிருக்கும் மைல் கணக்கை நம்பிப் போகாமல், அதில் பாதித் தூரத்துக்குத் திட்டமிடுங்கள். கைபிடிப் பெட்டிக்குள் மழைத்தண்ணி போனால் வண்டி இடைவழியில் நின்றுவிடும். கைபிடியையும் சேர்த்து மூடும் மழையுறை விற்கிறார்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதை விட்டுவிடுங்கள். சார்ஜ் போடுவது வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும். வீட்டு வாசலுக்குப் போகும் ஒடுக்க வழியில் வேண்டவே வேண்டாம். பற்றரி தீப்பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழி அது.

விழுந்துவிட்டால்

இடுப்பு, தலை, மயக்கம், எழும்ப முடியாமை என்றால் 999. மற்றதுக்கு 111. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி., கொஞ்சம் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். நிலத்தில் நெடுநேரம் கிடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தசை நசிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெளியே ஒரு காயமும் இராது. கைத்தொலைபேசியை முன்கூடையில் வைக்காமல் கோட்டுப் பையில் வையுங்கள். கூடை வண்டியோடு அங்கால் போய்விடும்.

இனிப் பிள்ளைகளிடம் ஒரு கெஞ்சல். அம்மா விழுந்தேன் என்று சொன்னவுடன் "இனி நீங்கள் வெளிய போகத் தேவையில்லை" என்று திறப்பை எடுக்காதீர்கள். அடுத்தமுறை அவர் விழுவதை நீங்கள் அறியமாட்டீர்கள். எங்கே விழுந்தார், என்ன நேரம், அன்று காலை என்ன குளிசை எடுத்தார், என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த நாலு விடைக்குள் காரணம் இருக்கும், திருத்தவும் முடியும். ஞாயிறு ஒருநாள் அவரோடு கூட நடந்து போய், வழக்கமாக அவர் போகும் பாதையில் இலை எங்கே குவிகிறது, விளிம்பு எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். வண்டியின் சில்லுக் காற்றையும் விளக்கையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளூ ஊசி போட்டாரா என்றும் அப்படியே கேட்டு வையுங்கள், 65 வயது தாண்டியவர்களுக்கு அது இலவசம்.