தரவுச் சுரங்கம் (தொடர்): கேட்கப்படாத கேள்விகளுக்கு ஓர் இடம்

டேட்டா மைனிங் துறையில் ஓர் ஆய்வை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒரு தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, புதிய அல்காரிதத்தை அதில் ஓடவிட்டு, பழையதைவிடத் துல்லியம் எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். இந்த அளவுகோல் நேர்மையானது. எழுதியவர் யார் என்று பார்க்காது. ஆனால் ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் அதனால் மதிப்பெண் போட முடியும். இதுவரை யாரும் கேட்காத கேள்வியோடு வரும் கட்டுரைக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முறையும் இருக்காது, பொதுத் தரவும் இருக்காது. இந்தத் துறை கண்ட பெரிய பாய்ச்சல்கள் பலவும் அத்தகைய கேள்விகளிலிருந்துதான் தொடங்கின.

நூலகத்தில் பிறந்த கருதுகோள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் மருத்துவர் அல்லர். இயற்பியல் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவர். அவர் எழுப்பிய கேள்வி இது: ஒரு துறையின் கட்டுரைகள் ஒரு பொருள் உடலில் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்கின்றன. இன்னொரு துறையின் கட்டுரைகள் அதே மாற்றம் ஒரு நோய்க்கு நல்லது என்கின்றன. இரு தரப்பும் ஒன்றையொன்று படிப்பதும் இல்லை, மேற்கோள் காட்டுவதும் இல்லை. அப்படியானால், அச்சில் வெளிப்படையாகக் கிடந்தும் யாருக்கும் தெரியாத அறிவு என்று ஒன்று இருக்க வேண்டுமே?

1986-ல் அவர் இதை ரேனோ நோயை வைத்து விளக்கினார். குளிர் பட்டதும் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல் வெளிறிப்போகும் கோளாறு அது. இந்நோயாளிகளிடம் ரத்தத்தின் பாகுத்தன்மை கூடுதலாகவும், தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்பவையாகவும் இருப்பதை ஒரு பகுதிக் கட்டுரைகள் சொல்லின. மீன் எண்ணெய் அந்தப் பாகுத்தன்மையைக் குறைக்கும், தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைக்கும் என்று வேறொரு பகுதிக் கட்டுரைகள் சொல்லின. இரண்டையும் சேர்த்துப் படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவலாம் என்று எழுதினார். ஆய்வகமும் இல்லை, நோயாளியும் இல்லை. இருந்தவை வெளியான கட்டுரைகள் மட்டுமே. 1989-ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, முதன்மை வகை ரேனோ நோயாளிகள் மீன் எண்ணெய் எடுத்துக்கொண்ட பிறகு குளிரைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள் என்று காட்டியது.

1988-ல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே கவனிக்கப்படாத 11 தொடர்புகளை அவர் இதே வழியில் எடுத்துவைத்தார். பின்னர் நீல் ஸ்மால்ஹைசருடன் சேர்ந்து, இந்தத் தேடலுக்குத் துணைசெய்யும் ஆரோஸ்மித் என்ற மென்பொருளை உருவாக்கினார். கட்டுரைக் குவியலிலிருந்து புதிய கருதுகோள்களை எடுக்கும் ஆய்வு தனிக் கிளையாக வளர்ந்தது இந்த விதையிலிருந்துதான். 1986-ல் அதைப் பார்த்து 'எத்தனை சதவீதம் துல்லியம்?' என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

46,873 பில்கள்

இரண்டாவது சான்று கடை பில்களிலிருந்து வருகிறது. 1993-ல் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வு மையத்தில் ராகேஷ் அகர்வால், டோமாஷ் இமியலின்ஸ்கி, அருண் சுவாமி மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை தரவுத்தளத்திடம் குறிப்பிட்ட கேள்வியைக் கேட்டு, குறிப்பிட்ட பதிலைப் பெறுவதுதான் வழக்கம். அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்பதை, யாரும் ஊகம் சொல்லாமலே, தரவே எடுத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 63 பிரிவுகளில் பதிவான 46,873 பில்களில் அதைச் சோதித்தார்கள்.

கேள்வி பிறந்த பிறகு கணக்கின் சுமை தெரிந்தது. ஆயிரம் பொருள்கள் உள்ள கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,99,500 ஜோடிகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16 கோடிக்கும் மேல். அத்தனையையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. 1994-ல் அகர்வாலும், சென்னை ஐஐடியில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் ஏப்ரியோரி என்ற அல்காரிதத்தைத் தந்தார்கள். அதன் அடிப்படை எளிது: ஒரு ஜோடியே அரிதாகத்தான் விற்கிறது என்றால், அந்த ஜோடியை உள்ளடக்கிய மூன்று பொருள் கூட்டமும் அரிதாகத்தான் இருக்கும், அதை எண்ணவே வேண்டாம். புதிய கேள்வி முதலில் வந்தது. திறமையான விடை அதைத் தொடர்ந்து வந்தது.

அதே இருவர் 2000-ல் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள்: தனிமனிதரின் உண்மையான வயதையோ வருமானத்தையோ பார்க்காமலே மக்கள்தொகையின் போக்கை அறிய முடியுமா? ஒவ்வொருவரும் தம் எண்ணோடு ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டித் தந்தாலும், மொத்தப் பரவலைத் திரும்பக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். அந்தரங்கம் பற்றிய அதே அக்கறை வேறு வழிகளிலும் வளர்ந்தது. 2006-ல் சிந்தியா டுவார்க்கும் சக ஆய்வாளர்களும் வகையீட்டு அந்தரங்கம் (differential privacy) என்ற கணித வரையறையைத் தந்தார்கள். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைப் பயன்படுத்தியது.

முன்னேற்றம் என்ற மயக்கம்

எண்களை மட்டும் துரத்துவதால் வரும் இழப்பையும் இத்துறையினரே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். புள்ளியியலாளர் டேவிட் ஹேண்ட் 2006-ல், வகைப்படுத்தும் முறைகளில் எளியவையே பெரும்பாலான பலனைத் தந்துவிடுகின்றன என்று வாதிட்டார். அதன்மேல் சேர்க்கப்படும் நுணுக்கங்களின் சிறு லாபம் நடைமுறையில் கரைந்துவிடும் என்றார். ஏனென்றால் பயிற்சிக்கு எடுத்த தரவும் நாளை வரப்போகும் தரவும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஏமன் கியோவும் ஜெசிகா லின்னும் சக ஆய்வாளரும் 2003-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. நீண்ட காலத்தொடர் ஒன்றை, ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாக வெட்டிக் குழுக்களாகப் பிரிக்கும் முறையைப் பல ஆய்வுகள் பயன்படுத்திவந்தன. பங்குச் சந்தைத் தரவைக் கொடுத்தாலும், தற்செயலாக உருவாக்கிய எண்தொடரைக் கொடுத்தாலும், அந்த முறை ஒரே மாதிரியான அலை வடிவங்களையே தந்தது. அதாவது முடிவுக்கும் தரவுக்கும் தொடர்பே இல்லை. எல்லோரும் முறையை மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது அடித்தளத்தைத் தட்டிப் பார்ப்பதும் தொலைநோக்கு ஆய்வுதான்.

தனி அமர்வு, தனி அளவுகோல்

புதிய கேள்விகளுக்கு அளவுகோல் இல்லாத குறையைக் களைய ஆய்வு அமைப்புகள் சில வழிகளை வகுத்திருக்கின்றன. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவுடன் 2006-ல் கம்ப்யூட்டிங் கம்யூனிட்டி கன்சார்டியம் உருவானது. இது பல கணினி மாநாடுகளில் 'புளூ ஸ்கை' என்ற தனி அமர்வுக்குத் துணைநின்று, சிறந்த கட்டுரைகளுக்குப் பரிசும் தந்திருக்கிறது. 2021-ல் சியாம் என்ற பயன்பாட்டுக் கணித அமைப்பின் டேட்டா மைனிங் மாநாட்டிலும் அந்த அமர்வு இடம்பெற்றது. இங்கே முடிந்த சோதனையின் எண்களை யாரும் கேட்பதில்லை. துறை அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கான வலுவான வாதத்தைக் கேட்கிறார்கள்.

எண் இல்லை என்பதால் எதையும் எழுதலாம் என்று ஆகிவிடாது. நல்ல தொலைநோக்குக் கட்டுரை சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சிக்கல் தீர்ந்தால் யாருக்குப் பயன்? இன்றைய முறைகள் எந்த இடத்தில் கைவிடுகின்றன? முதல் அடியை எங்கே எடுத்து வைப்பது? எண்ணம் தவறு என்றால் அது எப்படித் தெரியவரும்? இதனால் யாருக்காவது தீங்கு வருமா? ஸ்வான்சனின் கட்டுரை இதற்கு நல்ல முன்மாதிரி. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ கூடிய தெளிவான கூற்றை அது முன்வைத்தது.

மதிப்பீட்டாளர்களும் மாற வேண்டும். எதனோடும் ஒப்பிடவில்லை என்ற காரணத்தால் ஒரு கட்டுரையை ஒதுக்கும் முன், ஒப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வு மாணவரின் வழிகாட்டி, உறுதியான முடிவு தரும் வேலையோடு சேர்த்து, துணிச்சலான ஒரு கேள்விக்கும் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். நிதி தரும் அமைப்புகள் தொடக்கநிலை எண்ணங்களுக்கென்று சிறு தொகையைத் தனியே வைத்து, தோல்வியும் பதிவாகட்டும் என்று அனுமதிக்க வேண்டும்.

காலம் கடந்து நிற்கும் ஆய்வுகளுக்கு விருது தரும் வழக்கமும் இத்துறையில் உண்டு. 1993-ன் பில் ஆய்வுக் கட்டுரைக்கு சிக்மாட் என்ற தரவுத்தள ஆய்வாளர் அமைப்பின் அந்த விருது 2003-ல் கிடைத்தது. ஓர் எண்ணத்தின் மதிப்பு முழுதாகத் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கிறது. மூன்றாண்டு நிதியில் வேலை செய்யும் இளம் ஆய்வாளரால் பத்தாண்டு காத்திருக்க முடியாது. அதனால்தான் விருதைவிட, எண்ணம் முளைக்கும் நேரத்தில் கிடைக்கும் மேடையும் நிதியும் பொறுமையான வாசிப்பும் பெரிய உதவியாகின்றன.

(தொடரும்)