தூரத்து முகாம்களில் உழைப்போரும் ஊர்ச் சங்கமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியில் வேலை என்பது வருஷம் முழுவதும் கிடைப்பதன்று. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. தை மாதத்தில் கதிர் கொய்து, அதன்பின் பருத்தி எடுத்து முடிந்தால், மறுமழை வரையில் நிலம் வெடித்துக் கிடக்கும். மழை பொய்த்த வருஷத்திலோ விதைத்த விதையும் வீடு திரும்புவதில்லை. ஆதலால் இப்பக்கத்துக் கூலிக்காரரும் சிறு குடியானவரும் தலைமுறை தலைமுறையாக வெளியிடம் சென்று பிழைத்து வந்திருக்கின்றனர். உப்பளம், மலைத்தோட்டம், அணைக்கட்டு, ரஸ்தா வேலை என எங்குச் சென்றாலும் அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது முகாம் வாழ்க்கையே.

முகாம் தொழிலாளருடைய க்ஷேமத்தைப் பற்றிப் பேசுவோர் நல்ல கூரை, நல்ல தண்ணீர், வைத்தியம் ஆகிய மூன்றையே முதலில் கூறுவர். இவை வேண்டியவையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுடைய சரித்திரத்தைப் பார்த்தால், நான்காவதாக ஒன்று உண்டென்பதும், அஃதில்லாவிடில் மற்ற மூன்றும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதும் விளங்கும். அது யாதெனில், தொழிலாளியின் பெயர் ஏதேனும் ஓர் ஊரின் கணக்கில் உரிமையோடு நிற்பதாகும்.

கங்காணியின் முன்பணம்

மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரயிலில் செல்வோர் தட்டப்பாறை என்னும் ஸ்டேஷனைப் பார்த்திருப்பர். இலங்கை செல்லும் கூலிகளைக் கப்பலேற்றுமுன் தங்கவைக்கும் முகாம் ஒன்று ஒரு காலத்தில் அங்கே இருந்தது. 1914-ம் வருஷத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்து ஏற்பட்ட பின்னர், மண்டபம் முகாமே இதற்குப் பிரதான வாயிலாயிற்று. அங்கே வந்தவர்களைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து, உடலைப் பரிசோதித்து, அம்மைப்பால் குத்தி, உணவும் கொடுத்து அனுப்பினர். அதற்கு முந்திய தலைமுறையில் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரையில் நடந்து சென்றவர்களில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். அதனை நோக்க மண்டபம் பெரிய சீர்திருத்தமே.

ஆனால் தொழிலாளியின் கஷ்டம் மண்டபத்தில் தொடங்கவில்லை. தோட்டத்து லயத்திலும் தொடங்கவில்லை. அது அவனுடைய சொந்த ஊரில், பலசரக்குக் கடைத் திண்ணையில் தொடங்கியது.

கங்காணி என்பவன் அந்நியனல்லன். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரனாகவோ உறவின்முறையானாகவோ இருப்பான். வேலையற்ற மாதங்களில் அவன் ஊருக்குள் வருவான். உதாரணமாக, ஒருவன் கடையில் 30 ரூபாய் பாக்கி வைத்திருந்தான் என்று கொள்வோம். கங்காணி அந்தப் பாக்கியைத் தீர்த்து, வழிச்செலவுக்கும், வேட்டி சேலைக்கும், ஊரில் விட்டுச் செல்லும் தாயாரின் சாப்பாட்டிற்குமாக இன்னும் 20 ரூபாய் கொடுப்பான். தோட்டத்தில் அவன் கால் வைக்குமுன்பே அவன் பேரில் 50 ரூபாய் கடன் ஏறியிருக்கும். துரைமார் கணக்கில் இதற்குக் கோஸ்ட் அட்வான்ஸ் என்று பெயர். அரிசியைத் தோட்டத்திலேயே வழங்கி அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வர். காய்ச்சலில் படுத்த நாளுக்குப் ‘பேர்’ விழாது. பெரட்டுக்கு ஆள் வந்தால் வந்த தலைக்கு இவ்வளவென்று கங்காணிக்குத் தனியே காசு உண்டு. ஆகையால் ஆள் தன்னை விட்டுப் போகாதிருப்பதே அவனுக்கு ஆதாயம். கடன் தீர்வது அவனுக்கு ஆதாயமன்று.

தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், அவனுடைய பாக்கியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பர். அந்தத் தொகையைச் செலுத்தும் தோட்டமே அவனை அழைத்துக்கொள்ளலாம். இதுவே துண்டு முறை. ஆளும் கடனும் ஒரே சீட்டில் கைமாறின. 1917-ம் வருஷத்தில் சென்னை அரசாங்கத்தின் சார்பாக மார்ஜோரிபாங்க்ஸ் துரையும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலேயாத் தோட்டங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை செய்தனர். 1921-ல் சட்டத்தினால் துண்டு ஒழிக்கப்பட்டது. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியிலிருந்து தொழிலாளர் நலனைக் கவனித்து வந்தார். 1927-ம் வருஷத்துச் சட்டப்படி 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் எனக் குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயமாயிற்று. ஒரே இடத்தில் ஒரே நாள் உழைத்த பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

இவ்வளவு சட்டங்கள் வந்த பின்னரும் முன்பணத்தின் வேர் ஊரிலேயே இருந்தது. கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் இந்தியாவில் 1904-ல் பிறந்தது. அவ்வருஷத்திலேயே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் சங்கம் ஏற்பட்டது. கரிசல் கிராமங்களுக்கும் சங்கங்கள் வந்தன. ஆனால் நிலமும் ஜாமீனும் உள்ளவர்களுக்கே அவை எளிதில் கடன் கொடுத்தன. கடையில் 30 ரூபாய் பாக்கியுள்ள நிலமற்ற கூலிக்காரனுக்கு அந்த 30 ரூபாயைச் சங்கம் கொடுத்திருந்தால், அவன் கங்காணியின் ஆளாகப் போகாமல் தன் ஆளாகப் போயிருப்பான். அல்லது போகாமலே இருந்திருப்பான். இது சங்கங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு.

லயத்தில் ஊர்

லயம் என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை முதுகோடு முதுகாக ஒட்டி வரிசையாகக் கட்டிய கட்டடம். ஓர் அறையில் ஒரு குடும்பம். அதில் மனிதர் மனம் உடையாமல் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தது எவ்வாறு என்று கேட்டால், அவர்கள் தனியாகப் போகவில்லை என்பதே விடை. குடும்பம் குடும்பமாகப் போயினர். மாரியம்மனையும் கூடவே கொண்டு சென்றனர். மாசி, பங்குனியில் காமன் கூத்தும், மற்றக் காலங்களில் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் தேயிலை மலைகளில் ஆடப்பட்டன. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபோது குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் வயதான கிழவி ஒருத்தி பார்த்துக்கொண்டாள். தப்புச் சத்தம் காலையில் பெரட்டுக்கு அழைத்தது. மாலையில் அதே தப்பு சாமிக்கும் கல்யாணத்திற்கும் ஒலித்தது. கோ. நடேசய்யர் 1931-ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடியே ஜனங்களைக் கூட்டினார் என்பதும் பிரசித்தம்.

எனினும் இந்த ஊர் மனத்திலிருந்த ஊரேயன்றிக் கணக்கிலிருந்த ஊரன்று. 1939-ல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலிகள் செல்வதைத் தடுத்தது. போக்கு வரவு அறுந்தது. 1948-ம் வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதார் ஆயினர். இங்கே அவர்களுடைய பாட்டனார் வீடு இடிந்து, பட்டா பங்காளியின் பெயருக்கு மாறி, வாக்காளர் ஜாபிதாவிலும் சங்கப் புஸ்தகத்திலும் பெயரில்லாமற் போயிருந்தது. அங்கேயோ செக்ரோலில் மட்டும் பெயர் இருந்தது. 1964-ல் இரு பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தனர். மூட்டை முடிச்சுகளைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்த அந்தக் கணக்கு 2003-ம் வருஷத்து இலங்கைச் சட்டம் வரையில் முடியவில்லை.

திரும்பி வந்தவர்களுக்குத் தொழிற் கடன் முதலியன கொடுப்பதற்காக 1969-ல் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி ஏற்பட்டது. ரெப்கோ என்று அதனை ஜனங்கள் அறிவர். கூட்டுறவு அவர்களைத் தேடி வந்தது உண்மையே. ஆனால் அவர்கள் புறப்பட்டபோது வரவேண்டியது, திரும்பியபோது வந்தது.

மலேயாவில் இதனினும் துணிவான காரியம் நடந்தது. பெரிய ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாக்கி விற்கத் தொடங்கியதால், அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளர் வேலையும் ஜாகையும் ஒருங்கே இழக்கும் நிலை வந்தது. வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். மறு வருஷமே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கிற்று. பால் வெட்டியவரே தோட்டத்துக்குப் பங்காளியாயினர். நமக்கு இன்னும் அருகே, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வடகரைக்கு அடுத்த ஊராளுங்கலில், வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925-ல் 14 பேர் கூடித் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். இன்று பெரிய ரஸ்தாக்களையும் பாலங்களையும் கட்டும் அச்சங்கத்தில் வேலை செய்வோரே உடைமைக்காரராகவும் இருக்கின்றனர்.

கரிசலுக்கு வந்தோர்

இப்பொழுது காற்று திசை மாறியிருக்கிறது. இக்கரிசலிலிருந்து வெளியே போகிறவர்கள் இன்னும் உண்டு. ஆனால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாகாணங்களிலிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. காற்றாலை, சூரிய மின்நிலையம், நாற்கர ரஸ்தா ஆகிய வேலைகள் ஊரெல்லைக்கு வெளியே நடக்கின்றன. கமுதிக்கருகே சுமார் 2,500 ஏக்கரில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இதற்குத் தக்க உதாரணம். இத்தகைய வேலைகளுக்கு வருவோர் தகரக் கொட்டகைகளில், குடும்பமின்றி, பாஷை தெரியாமல் தங்குகின்றனர். கங்காணியின் ஸ்தானத்தில் கண்டிராக்டர். கோஸ்ட் அட்வான்ஸின் ஸ்தானத்தில் ரயில் கட்டணமும் முன்பணமும். நம் பாட்டனார் லயத்திற்குக் கொண்டு சென்ற மாரியம்மனும் உறவினரும் இவர்களுக்கு இல்லை. கையடக்கத் தொலைபேசி ஒன்றுதான் உண்டு.

1979-ம் வருஷத்துச் சட்டம் இத்தகையோருக்குத் தகுந்த ஜாகை, இலவச வைத்தியம், பிரயாணப் படி முதலியவற்றைக் கண்டிராக்டரே கொடுக்க வேண்டுமென விதித்தது. பின்னர் 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. அதனை நடத்துவது தொழிலாளர் இலாகாவின் வேலை. ஊர்ச் சங்கத்தின் வேலை வேறு.

முதலாவது, தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2020 அக்டோபர் முதல், வேறு மாகாணத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டை பெற்றவர் இங்குள்ள கடையிலும் கைரேகை வைத்துத் தம் தானியத்தைப் பெறலாம். தமக்குரிய பாகத்தை மட்டும் இங்கே வாங்கி, எஞ்சியதை ஊரிலுள்ள மனைவி மக்கள் அங்கே வாங்கவும் விதியுண்டு. இதனை அறியாத முகாம்வாசிகள் வெளிக்கடையில் விலைக்கு அரிசி வாங்குகின்றனர். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பர். ஆதலால் மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் அவர்களுக்கென நேரம் ஒதுக்கி, ஹிந்தியில் ஒரு பலகை எழுதி வைத்தால், விற்பனையாளருக்கும் சிரமம் குறையும். இங்கே தம் பெயரில் தானியம் வாங்குகிறவனுக்குக் கண்டிராக்டரின் முன் வயிற்றுக்காகத் தலை குனியும் அவசியமில்லை.

இரண்டாவது, இந்த மண்ணின் குணத்தை ஊரார் அறிவர்; வந்தவர் அறியார். வெயிற்காலத்தில் கொட்டகை போடும்போது கல்லாய்க் கிடக்கும் கரிசல், மழை பெய்தவுடன் ஊறி உப்பி, தரையைத் தூக்கி, கக்கூஸ் குழியைச் சரித்துவிடும். வண்டியும் போகாது, நோயாளியைத் தூக்கிச் செல்லக் காலும் ஊன்றாது. கிணற்று நீர் பல இடங்களில் உவர். முகாம் போடும் கண்டிராக்டரிடம் சரள் மண் கொட்டி மேடுபடுத்தவும், ரஸ்தாவோரமாகக் கொட்டகையை அமைக்கவும், எந்த ஊரணி நீர் குடிக்கத் தக்கதென்றும் பஞ்சாயத்தாரும் சங்கத்தாரும் முன்னரே சொல்லலாம். சொல்லுவதற்குச் செலவில்லை.

வெளியே போகும் நம்மவர் விஷயத்தில் சங்கத்தார் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 1976-ம் வருஷத்திலேயே கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டும், செங்கற் சூளை முதலிய வேலைகளுக்கு இன்றும் முன்பணம் வாங்கிப் போகிறவர் உண்டு. புறப்படுமுன் அந்தச் சிறு கடனைச் சங்கமே கொடுப்பது. எங்கே, யாரிடம் போகிறார் என்பதை ஒரு புஸ்தகத்தில் பதிவது. அங்கத்தினர் பெயரை வராதவர் என்று நீக்காமல் வைத்திருப்பது. அனுப்பும் பணம் மனைவியின் கணக்கில் நேரே விழும்படி செய்வது. மகாசபை நாளையும் அவர்கள் ஊருக்கு வரும் பொங்கலையொட்டி வைத்துக்கொண்டால் அவர்களும் கை தூக்கலாம்.

பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு முக்கியமான சட் பூஜை தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும். அன்று மாலை அஸ்தமிக்கும் சூரியனையும் மறுநாட்காலை உதிக்கும் சூரியனையும் நீரில் நின்று வணங்குவர். நம் கண்மாய்களுக்கும் ஊரணிகளுக்கும் தண்ணீர் வரத் தொடங்கும் காலம் அதுவே. முகாமிலுள்ளோர் கரையில் இறங்க அனுமதி கேட்டு வந்தால், படித்துறையில் சேறு வழுக்கும் இடத்தைக் காட்டி, விடியுமுன் வெளிச்சத்திற்கு ஒரு விளக்கும் வைத்துக் கொடுக்கலாம்.