கடலடிப் படத்துக்கு ஒளியூட்டும் முறை

கடல்நீர் சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. அலைநீளம் மிகுந்த சிவப்பு முதற் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிட, அதன்பின் ஆரஞ்சும் மஞ்சளும் மங்கி, ஆழம் கூடக்கூட நீலமே எஞ்சுவதால், செந்நிறப் பவளமும் படத்தில் சாம்பல் பூத்ததுபோல் பதிகிறது. இழந்த நிறத்தை மீட்க, நீர்புகாத உறைக்குள் அமைந்த ஸ்ட்ரோப் எனும் மின்வெட்டு விளக்கைப் படக்கலைஞர்கள் பயன்படுத்துகின்றனர். அவ்விளக்கு லென்சுக்கு மிக அருகில் இருந்தால், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைத் திருப்பியனுப்பிப் படமெங்கும் வெண்புள்ளிகளை உண்டாக்கும். பின்சிதறல் எனப்படும் இக்குறையைத் தவிர்க்க, இரு விளக்குகளை நீண்ட தாங்கிகளில் பொருத்தி, கேமராவின் இருபுறமும் விலக்கி, சற்றே வெளிநோக்கித் திருப்பி, ஒளிக்கற்றையின் விளிம்பு மட்டும் பொருள்மீது படுமாறு அமைக்கின்றனர். விளக்கொளியும் நீரில் விரைவில் தேய்வதால், பொருளை இயன்றவரை நெருங்கிப் படமெடுப்பதே சிறந்தது. 1926-இல் அமெரிக்காவின் புளோரிடா கடற்பகுதியில், வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் மிதவைமீது மக்னீசியப் பொடியை எரித்து எழுப்பிய பேரொளியில்தான் உலகின் முதல் நீரடி வண்ணப் படங்கள் பதிவாயின.