பாதி தெரிந்தாலே போதும்: கலப்புச் சண்டைக்காரர்கள் பாணி மாற்றிய கதை

கராத்தே பெரிசா, குத்துச்சண்டை பெரிசா என்று பள்ளி நாட்களில் வாதாடாதவர்கள் குறைவு. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். யுஎஃப்சி-யின் முதல் போட்டி அது. எடைப் பிரிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, கிட்டத்தட்ட அவ்வளவுதான் விதி. சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார்.

அவருடைய கலை பிரேசிலிய ஜியு-ஜிட்சு. எதிராளியைத் தரைக்கு இழுத்து, கழுத்தை நெரித்தோ மூட்டை முறுக்கியோ 'போதும்' என்று தட்ட வைப்பது. பார்த்தவர்கள் "இதுதான் உசத்தி"ன்னு முடிவு கட்டினார்கள். ஆனால் எதிரே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கலை தெரியாது என்பதும் அந்த வெற்றிக்குள் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் மல்யுத்தக்காரர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய மார்க் கோல்மன், எதிராளியைத் தூக்கிப் போட்டு மேலே அமர்ந்து குத்தினார். 1997 பிப்ரவரியில் யுஎஃப்சி-யின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இப்போது மல்யுத்தம்தான் உசத்தி!

அதே ஆண்டு ஜூலையில் மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்சர் அவரை எதிர்கொண்டார். கோல்மன் வழக்கம்போல் கீழே தள்ளினார். ஸ்மித் மல்லாந்தபடியே கால்களால் கோல்மனின் இடுப்பை வளைத்து, பெரிய அடி விழாமல் பார்த்துக்கொண்டார். ஜியு-ஜிட்சுவில் இதற்கு 'கார்ட்' என்று பெயர். கோல்மனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எழுந்து நின்று காலில் உதைத்தார். 21 நிமிடம் கழித்து நடுவர்கள் ஸ்மித்துக்குத் தீர்ப்பளித்தார்கள்.

எனக்கு இந்தச் சண்டைதான் முக்கியம். ஸ்மித் தரைச் சண்டையில் ஜெயிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தோற்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்டார். ஒரு கலையை முறியடிக்க அதில் பாதி தெரிந்தால் போதும், தடுக்கிற பாதி. பூட்டு செய்பவருக்குத் திருடத் தெரிய வேண்டியதில்லை, திருடன் எந்த வழியில் வருவான் என்று தெரிந்தால் சரி.

சக் லிடெல் இதையே திருப்பிப் போட்டார். கல்லூரியில் மல்யுத்தம் பழகியவர், அதைக் கீழே விழாமல் நிற்பதற்கே அதிகம் பயன்படுத்தினார். நின்றபடி குத்தி 2005-ல் ராண்டி குட்டூரிடமிருந்து லைட் ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார்.

பிறகு வந்த கனடாக்காரர் ஜார்ஜ் செயின்ட் பியர் இன்னும் சுவாரசியம். சிறு வயதில் கராத்தே பழகியவர். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன் ஜோஷ் கோஸ்செக்கை 2007-ல் மல்யுத்தத்திலேயே மடக்கினார். 2010-ல் அதே ஆள் மறுபடி வந்தபோது, ஐந்து சுற்றும் இடது கை நேர்க்குத்தாலேயே கண்ணை வீங்க வைத்தார். காலைப் பிடிக்க வருவாரோ என்று எதிராளி பயந்தால் முகம் காலி. முகத்தைக் காத்தால் கால் காலி. தடுக்கிற பாதி எல்லோருக்கும் வந்துவிட்ட பிறகு, எதைத் தடுப்பது என்று குழப்புவதே ஒரு பாணி ஆகிவிட்டது.

ராய்ஸ் கிரேசி 2006 மே மாதம் யுஎஃப்சி-க்குத் திரும்பினார். எதிரே மாட் ஹியூஸ் என்ற மல்யுத்தக்காரர். கிரேசியின் கையையே மூட்டுப்பிடியில் மடக்கினார் ஹியூஸ். கிரேசி தட்டாமல் தாங்கினார். ஆனால் முதல் சுற்று முடியும் முன்பே குத்துகளில் தோற்றார். அவருக்கு வயது 39 என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 13 வருடம் முன்பு அவரிடம் மட்டும் இருந்த வித்தை, இப்போது எதிராளியின் கையிலும் இருந்தது.

அடுத்த முறை சண்டை பார்க்கும்போது, ஒருவர் என்ன செய்கிறார் என்பதோடு எதைச் செய்ய விடாமல் தடுக்கிறார் என்றும் கவனித்துப் பாருங்கள். பாணி மாறுவது முதலில் அங்கேதான் தெரியும்.